"கோழி தூங்குது" என்றால் கடையில் தரும் நாலு பொட்டலம்: எது உருப்படி, எது தண்டம்

கால்நடை மருந்துக் கடைக்குப் போய் "கோழி தூங்கிக்கிட்டே இருக்குங்க, தீனி எடுக்கல" என்று சொல்லிப் பாருங்கள். வயசு என்ன, எச்சம் என்ன நிறம், தடுப்பூசி போட்டீர்களா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பவுடர், ஆம்ப்ரோலியம், லிவர் டானிக், பி காம்ப்ளக்ஸ் சொட்டு மருந்து என்று ஒரு செட் கைக்கு வரும். சில கடைகளில் கால்சியம் டானிக்கும் சேரும். கொல்லையில் பத்து இருபது நாட்டுக்கோழி வைத்திருப்பவருக்கு இந்தச் செட் எவ்வளவு தேறும்? தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே ஏதாவது ஒன்றுக்கு ஆகிற சரக்குதான். எல்லாவற்றையும் ஒரே தண்ணீரில் கலக்கும்போதுதான் வம்பு.

முதலில் ஆம்ப்ரோலியம். செட்டிலேயே குறி தப்பாத மருந்து இதுதான், ஆனால் ரத்தக்கழிச்சலுக்கு மட்டும். 20 சதவீதத் தூள் என்றால் லிட்டருக்கு 1.2 கிராம், அதாவது 50 லிட்டருக்கு 60 கிராம். 3 முதல் 5 நாள் வரை அதே தண்ணீர்தான் குடிக்க வேண்டும், பக்கத்தில் வேறு தண்ணீர் இருக்கக் கூடாது. ரத்தக்கழிச்சல் பெரும்பாலும் மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரையுள்ள குஞ்சுகளைத்தான் அடிக்கும். முட்டையிடும் பெட்டைக்கு இது வருவது குறைவு. கருப்பட்டி நிறத்தில் பிசுபிசுவென்று நாற்றமெடுக்கும் எச்சத்தைப் பார்த்து ரத்தம் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். அது குடல்வால் (குடலோடு ஒட்டிய பை) எச்சம். நல்ல கோழியே ஒரு நாளில் சில தடவை அப்படிப் போடும்.

இந்த மருந்து பி1 வைட்டமின் போல வேஷம் போட்டுத்தான் கிருமியைப் பட்டினி போடுகிறது. கூடவே பி காம்ப்ளக்ஸ் கொடுத்தால் கிருமிக்கும் சேர்த்துச் சாப்பாடு போடுகிறோம். ஒரே செட்டில் இரண்டையும் கட்டிக் கொடுப்பது அறியாமையா, வியாபாரமா என்பது அவரவர் முடிவு. ஆம்ப்ரோலியம் முடிந்த பிறகு வைட்டமின் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

டெட்ராசைக்ளின் பற்றி. கண் ஓரத்தில் நுரை, மூக்கில் சளி, ராத்திரி கூட்டுக்குப் பக்கத்தில் நின்றால் கொர்கொர் சத்தம் என்றால் இதற்கு வேலை இருக்கிறது. அதிலும் மருத்துவர் பார்த்து அளவு சொன்னால் நல்லது. வெள்ளைக்கழிச்சலும் அம்மையும் வைரஸ், அங்கே இது எதையும் கொல்லாது. கால்சியத்தைக் கண்டால் இந்த மருந்து அதோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். ஆகவே கால்சியம் டானிக்கைத் தனியே வையுங்கள், கிளிஞ்சல் தூள் தட்டையும் அந்த நாட்களில் எடுத்துவிடுங்கள். வெயில் பட்டால் வீரியம் போகும், அதனால் தினமும் புதிதாகக் கலக்கி நிழலில் வைக்க வேண்டும். லேபிளில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியும்வரை முட்டையை வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. இதைக் கடையில் சொல்லிக் கொடுத்து அனுப்புவது அபூர்வம். பொட்டலத்தில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் பெயர் இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதை விற்பதையே மத்திய அரசு 2019இல் தடை செய்துவிட்டது.

செட் முழுக்கவுமே ஒரு ஓட்டை இருக்கிறது. எல்லாம் தண்ணீரில் கலக்குகிற மருந்து. நன்றாக இருக்கும் பெட்டை நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் குடிக்கும், கோடையில் அதற்கு மேலும் போகும். அளவெல்லாம் அந்தக் கணக்கில்தான். தலை தொங்கி நிற்கிற கோழி அதில் கால்வாசிகூடக் குடிக்காது. மருந்து போய்ச் சேர்வது நோயில்லாத மற்ற கோழிகளுக்கு.

லிவர் டானிக் கெடுதல் செய்யாது. திடீரென்று படுத்த கோழிக்கு நல்லதும் செய்யாது. அந்தக் காசுக்கு மருந்தகத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வாங்கலாம். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டரில் கலக்கி அரை நாள் கொடுங்கள், அப்புறம் வெறும் தண்ணீர். கழிச்சலில் வறண்டு போகிற கோழிக்கு முதல் உதவி அதுதான். கலக்கியது மிச்சமானால் மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

செட்டில் இருக்க வேண்டியது, ஆனால் இல்லாதது: குடற்புழுவுக்கும் உண்ணிக்குமான மருந்து. கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் தட்டுப்படுகிற கோழி நேற்று படுத்தது கிடையாது, பல வாரமாக இளைத்து வந்தது. பைப்ரசீன் வாங்கினால் உருண்டைப் புழு மட்டும்தான் போகும். எச்சத்தில் அரிசி போல வெள்ளைத் துணுக்கு தெரிந்தால் அது நாடாப்புழு, அதற்கு வேறு மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும். உண்ணியைப் பகலில் கோழி மேல் தேடிப் பயனில்லை. ராத்திரி டார்ச் அடித்துக் கூட்டின் மரச்சந்து, சுவர் வெடிப்புகளைப் பாருங்கள். இருட்டில் வந்து ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் சந்துக்குள் போய்விடும். மருந்தைக் கோழிக்கு மட்டும் போட்டு வெடிப்பைப் பூசாமல் விட்டால் மறுபடி அதே கதை.

உண்மையில் காசு போட வேண்டிய சாமான்கள் அந்தப் பொட்டலங்களில் இல்லை. பத்து கிலோ டிஜிட்டல் தராசு ஒன்று, டார்ச் ஒன்று, ஊசி கழற்றிய 2 மில்லி சிரிஞ்சு நாலைந்து. தராசுக்குத்தான் முதல் மார்க். கோழி நோவை மறைக்கிற ஜாதி, கண்ணுக்குத் தெரியும்போது பாதி தாண்டியிருக்கும். வாரம் ஒருமுறை கூட்டில் அடைக்கும்போது எடை போட்டு எழுதி வைத்தால் இளைப்பு முன்கூட்டியே தெரியும்.

விடியற்காலையில் தீனி போடுவதற்கு முன் கழுத்தடி இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். காலியாக இருக்க வேண்டும். கெட்டியாகக் கல் போல நின்றால் அடைப்பு. பிசைந்த மாவு போலத் தொளதொளவென்று, வாயில் புளிச்ச வாடை அடித்தால் பூஞ்சை. இரண்டுக்குமே அந்த நாலு பொட்டலத்தில் மருந்து கிடையாது. முட்டை சிக்கிய கோழிக்கும் கிடையாது: வாலை ஏற்றி இறக்கி முக்கிக்கொண்டு, நிமிர்ந்து நிற்கும். கை பொறுக்கும் வெந்நீரில் அடிப்பாகத்தை இருபது நிமிடம் வைத்துவிட்டு, இருட்டான இடத்தில் விட்டுவிட வேண்டும். கால்சியம் டானிக்குக்கு நியாயமான வேலை வருவது இங்கேதான்.

சிரிஞ்சில் கொடுக்கும்போது வாயைப் பிளந்து உள்ளே பீய்ச்சாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. தண்ணீர் அதில் இறங்கினால் நோய் கொல்லாத கோழியை நாமே கொன்றுவிடுவோம். அலகின் பக்கவாட்டில் ஒரு சொட்டு வையுங்கள், விழுங்கினதும் அடுத்த சொட்டு.

அரசு கால்நடை மருந்தகம் எப்படி? சனிக்கிழமைகளில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். இந்த நாலு பொட்டலத்தின் விலைக்கும் மேலான சேவை அது, ஏனென்றால் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்து திருகிய பிறகு எந்தக் கடையிலும் அதற்கு மருந்து இல்லை. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கையடியில் அரை மில்லி ஆர்2பி என்ற தடுப்பூசி. ஆறு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்கும், ஏற்கெனவே நோவில் இருக்கும் கோழிக்கும் ஆர்2பி போடக் கூடாது. குறை என்று சொன்னால், குப்பியை உடைத்துக் கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் ஒரே ஒரு கோழியோடு உச்சிவேளையில் போய் நின்றால் "அடுத்த வாரம் வாங்க" என்ற பதில் வர வாய்ப்பு உண்டு. தெருவில் நாலு வீட்டுக் கோழிகளையும் சேர்த்துக்கொண்டு காலையிலேயே போனால் காரியம் நடக்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு சேவை பிரேதப் பரிசோதனை. ஒரு கோழி செத்துவிட்டதென்றால் மிச்சத்தைக் காப்பாற்ற அதைவிடத் தெளிவான வழி இல்லை. குடல்வால் நிறைய ரத்தமா, வயிற்றுக்குள் இருக்கும் இரைப்பைச் சுவரில் ரத்தப் புள்ளியா, புழுவா என்று அறுத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். இறகு பிடுங்காமல் இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். ஃபிரீசரில் வைத்தால் உள்ளுறுப்பு உறைந்து பார்க்க முடியாமல் போகும். ஒரே நாளில் பல கோழி விழுந்தால் மட்டும் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அப்போது தொடாமல், எங்கும் எடுத்துப் போகாமல், மருந்தகத்துக்குச் சொல்லி அவர்களை வரவழையுங்கள்.