மோட்டாரில் ‘ஸ்லிப்’ என்று சொல்லி ரீவைண்டிங் கேட்டால் உஷார்

பெல்ட்டில் ஓடும் எங்கள் ப்ளோயரில் காற்று குறைந்துவிட்டது. சர்வீஸுக்கு வந்தவர் மோட்டார் தண்டில் டாக்கோமீட்டரை (சுழலும் வேகத்தை அளக்கும் கருவி) பிடித்தார்; நிமிடத்துக்கு 1440 சுற்று காட்டியது. “1500 ஓடவேண்டிய மோட்டார், 4 சதவீதம் ஸ்லிப் ஆகுது. காயில் போச்சு, ரீவைண்டிங்தான், கம்பியைப் புதுசா சுத்தணும்” என்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த 1440, முழு லோடில் ஓடும் வேகமாக மோட்டாரின் நேம்பிளேட்டிலேயே அச்சடித்திருக்கிறது! 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 4 போல் (காந்த முனை) மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். உள்ளே சுழலும் பாகமான ரோட்டார் அதற்குக் கொஞ்சம் பின்தங்கினால்தான் ரோட்டாரில் மின்னோட்டம் தூண்டப்படும், முறுக்குவிசையும் கிடைக்கும். இந்தப் பின்தங்கல்தான் ஸ்லிப். லோடு ஏற ஏற ஸ்லிப்பும் ஏறும். ரோட்டாரில் மின்னோட்டம் பாயும் கம்பிகள் (ரோட்டார் பார்) உடைந்திருந்தால் ஸ்லிப் அளவு மீறிப் போவது உண்டு; ஆனால் ரீவைண்டிங்கில் மாற்றுவது ஸ்டேட்டர் (சுழலாத வெளிப்பாகம்) காயிலை. அது ரோட்டாரைச் சரிசெய்யாது.

திருப்பிக் கொண்டுவந்தபோது காட்டிய வித்தைதான் உச்சம். பெல்ட் மாட்டாமல் மோட்டாரை ஓடவிட்டு, “பாருங்க, 1495, ஸ்லிப் போயிடுச்சு” என்றார். லோடு இல்லாமல் ஓடினால் பழைய காயிலிலும் ஏறக்குறைய அதேதான் காட்டியிருக்கும். பெல்ட்டை மாட்டியதும் மறுபடி 1440. காற்றும் பழையபடி குறைவுதான்.

அப்புறம் வேறொரு மெக்கானிக் வந்து ப்ளோயர் தண்டின் வேகத்தையும் அளந்தார். மோட்டார் புல்லியைவிட ப்ளோயர் புல்லி இரண்டு மடங்கு பெரிது. ஆக 720 வரவேண்டும், வந்தது 600. வழுக்கியது பெல்ட். பக்கங்களால் புல்லியைப் பிடித்து ஓடும் வி-பெல்ட்டில் ஓரிரு சதவீத இழப்பு சகஜம், இங்கே ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தன. புல்லியின் பள்ளம் தேய்ந்து, பெல்ட் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டதால் பக்கவாட்டுப் பிடிப்பே இல்லை. புல்லியையும் பெல்ட்டுகளை முழு செட்டாகவும் மாற்றியதும் காற்று பழைய நிலைக்கு வந்தது.

முதல் ஆளிடம் கேட்டால், “ஸ்லிப்னுதானே சொன்னேன், பெல்ட்டும் ஸ்லிப்தான்” என்கிறார். சாமர்த்தியம்! பணம் திரும்பவில்லை.

யாராவது ஸ்லிப் என்று சொன்னால் எது எதைவிடப் பின்தங்குகிறது என்று கேளுங்கள். இரண்டு தண்டுகளின் வேகத்தையும் லோடோடு, உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்கள் பில்லில் ஏறாமல் மோட்டாரைக் கழற்ற விடாதீர்கள்.