எஃகா, கார்பனா? உப்புக்காற்று ஊரில் அயர்ன் மட்டைக்குத் தண்டு தெரிவு செய்வது

கோல்ஃப் மட்டையைத் தாமே பூட்டிக் கட்டுகிறவர்கள் தண்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அடிப்பவரின் வேகத்தில்தான் தொடங்குவார்கள். திருகோணமலையில் நான் உப்புக்காற்றில் தொடங்குகிறேன். அடுத்ததாக, ஒரு தண்டு உடைந்தால் மாற்றுத்தண்டு எத்தனை வாரத்தில் கைக்கு வரும் என்று பார்க்கிறேன். பந்து எவ்வளவு உயரம் போகும் என்ற கேள்வி மூன்றாவதாகத்தான் வருகிறது.

அயர்ன் மட்டைகளுக்கு, அதாவது இலக்கமிட்ட இரும்புத்தலை மட்டைகளுக்கு, மூன்று தண்டுகளை எடுத்துக்கொள்கிறேன். ட்ரூ டெம்பரின் டைனமிக் கோல்ட் எஸ்300, சுமார் 130 கிராம் எடையுள்ள எஃகு. நிப்பான் என்.எஸ்.புரோ 950ஜிஎச், எஸ் என்ற விறைப்பு வகையில் ஏறத்தாழ 98 கிராம், இதுவும் எஃகு. மூன்றாவது ஏரோடெக் நிறுவனத்தின் ஸ்டீல்ஃபைபர் ஐ95. கார்பன் இழைத் தண்டின் மேல் மெல்லிய எஃகு இழைகளைச் சுற்றிச் செய்த கலவை, எடை 95 கிராம் அளவில். கடைசி இரண்டும் எடையில் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் எஃகையும் கார்பனையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்க இதைவிட வசதியான இணை கிடைக்காது.

முதலில் துரு. எஃகுத் தண்டின் வெளிப்புறத்தில் நிக்கலும் குரோமும் பூசியிருப்பார்கள். உள்ளே பூச்சு இல்லை. கைப்பிடி ரப்பரின் மேல்மூடியில் ஒரு சிறு துளை இருக்கிறதல்லவா, அந்தத் துளை வழியாக வாடைக்காற்று மாதங்களின் ஈரமும் கடல் உப்பும் குழாய்க்குள் இறங்குகின்றன. நிலாவெளிப் பக்கத்து வீடொன்றில் சில வருடங்கள் மூலையில் நின்ற மட்டையின் கைப்பிடியை அறுத்து எடுத்துவிட்டு, தண்டைத் தலைகீழாகப் பிடித்து மேசையில் தட்டிப் பாருங்கள். மிளகாய்த்தூள் நிறத்தில் துரு கொட்டும். வெளியே அதே தண்டு கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருக்கும். இன்னோர் ஆபத்தான இடம், தண்டு தலைக்குள் நுழையுமிடத்தில் உள்ள ஃபெரூல் என்ற கறுப்பு வளையத்துக்குச் சற்று மேலே. அங்கே பூச்சில் ஊசிமுனை அளவு புள்ளிகள் விழுந்திருந்தால் அந்தத் தண்டை நான் மறுபடி பூட்டுவதில்லை. அடிக்கும்போது வளைவின் சுமை தாங்குகிற இடம் அது. அங்கே முறிந்தால் தலை பறந்து போய் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

ஸ்டீல்ஃபைபருக்கு இந்தக் கவலை குறைவு. கார்பனும் பிசினும் துருப்பிடிப்பதில்லை, மேலே சுற்றிய எஃகு இழைகளைப் பூச்சு மூடியிருக்கும். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பையில் மற்ற மட்டைகளின் இரும்புத் தலைகள் உரசி உரசி மேற்பூச்சைத் தின்றுவிடும். கீறல் இழை வரை இறங்கினால் தண்டின் பலமே குறைந்துபோகும். தலைகளுக்கு உறை போடாதவர்களுக்கு நான் கார்பன் தண்டைப் பரிந்துரைப்பதில்லை.

பூட்டும் வேலையிலும் இரண்டும் வேறு வேறு. எஃகின் நுனியில், அதாவது தலைக்குள் போகும் முனையில், குரோமை எமரித் தாளால் தேய்த்து, பளபளப்புப் போய் மங்கும் வரை எடுக்க வேண்டும். தேய்த்த அன்றே ஒட்டிவிடுங்கள். இந்த ஊர்க் காற்றில் தேய்த்த எஃகை இரவு முழுக்க வெறுமனே விட்டால் விடியும்போது பழுப்புப் படலம் தெரியும், துருவின் மேல் எபொக்சிப் பசை நிற்காது. கார்பனில் பெயின்டை மட்டும் எடுக்க வேண்டும், இழையைத் தொடக் கூடாது. பிறகு தண்டு தலையின் கழுத்துத் துளைக்குள் ஒரு பக்கம் சாய்ந்து உலோகத்தை நேரடியாகத் தொட்டுவிடாமல் எபொக்சியில் நுண்ணிய கண்ணாடி மணிகள் கலப்பது நல்லது. கார்பனும் எஃகும் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு ஈரத்தில் இருந்தால் எஃகுதான் விரைவாக அரிக்கப்படும். நடுவில் எபொக்சிப் படலம் முழுமையாக இருந்தால் அந்தப் பயமில்லை.

கழற்றும்போது வித்தியாசம் இன்னும் பெரியது. எஃகுத் தண்டென்றால் கழுத்தைக் காஸ் சுடரில் சூடாக்கி, தலையைத் திருகி இழுத்து எடுத்துவிடலாம். கார்பனைத் திருகினால் இழைகள் பிரிந்து தண்டு பாழாகும். நேராக இழுக்கும் கருவி வேண்டும், சூடும் அளவோடு இருக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாமல் கார்பன் தண்டு கழற்ற முற்படாதீர்கள், எவ்வளவு அவசரமானாலும்.

இனி எடை. டைனமிக் கோல்டைக் கழற்றிவிட்டு 950ஜிஎச் பூட்டுகிறவர்கள் பலர் மட்டை திடீரென்று உயிரற்றுப்போனதாகச் சொல்வார்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. தண்டின் எடையில் ஏறத்தாழ 9 கிராம் குறைந்தால் ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது தலைப்பக்கம் எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு, ஒரு புள்ளி இறங்கும். 130இலிருந்து 98க்கு வந்தால் மூன்று, நான்கு புள்ளி போய்விடுகிறது, டி2 இருந்த மட்டை சி8 பக்கம் நிற்கிறது (இந்த அளவில் சி9க்கு அடுத்தது டி0). தலையில் 2 கிராம் சேர்த்தால் ஒரு புள்ளி மீளும். ஆகவே நுனிக்குள் 6 முதல் 8 கிராம் வரை பித்தளை அல்லது டங்ஸ்டன் எடைகளை வைக்க வேண்டும். நீளத்தை அரை அங்குலம் கூட்டினால் மூன்று புள்ளி ஏறும், ஆனால் அயர்ன் மட்டையை நீட்டி எடையைச் சரிசெய்வது எனக்கு உடன்பாடில்லை. நிற்கும் நிலையே மாறிப்போகும். புதிய தலைகளை வாங்கும்போதே ஒவ்வொன்றையும் சிறு தராசில் நிறுத்து, கூடிய எடையுள்ளவற்றைக் கேட்டு வாங்குவதுதான் சுத்தமான வழி.

விறைப்பைக் குறிக்கத் தண்டில் அச்சிட்டிருக்கும் ஆர், எஸ், எக்ஸ் எழுத்துக்களை நம்பி வாங்காதீர்கள். அவற்றுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்ற பொது அளவு கிடையாது. ஒருவரின் எஸ் இன்னொருவரின் ஆர் போல வளையும். முடிந்தால் நிமிடத்துக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று அளந்து பாருங்கள். அந்தக் கருவி இல்லையென்றால் கையில் இருக்கும் நன்கு பழகிய மட்டையோடு ஒப்பிட்டு அடித்துப் பார்ப்பது எழுத்தைப் பார்ப்பதைவிட மேல்.

பந்தின் பாதைக்கு வருவோம். சீனன்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் திடலில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் விளையாடியவர்களுக்குத் தாழ்ந்த அடியின் அருமை தெரியும். டைனமிக் கோல்ட் தாழ்வாகவும் குறைந்த சுழற்சியோடும் அனுப்பும் தண்டு என்று பெயர் பெற்றது, அது உண்மைதான். ஆனால் 130 கிராமைப் பதினெட்டு குழிகளும் அந்த வெயிலில் வீசி முடிப்பதற்கு உடம்பு வேண்டும். கடைசிக் குழிகளில் தளர்ந்து பந்து வலப்பக்கம் போவதைவிட, வழக்கத்தைவிட ஒரு படி கூடுதல் தூரம் போகும் மட்டையை எடுத்து 950ஜிஎச்சில் நிதானமாக அடிப்பது பலன் தரும். இளைஞர்களும் வேகமாக அடிப்பவர்களும் எஸ்300ஐத் தாராளமாக எடுக்கலாம். அதே குடும்பத்தில் 120, 105, 95 என்ற இலகு வகைகளும் இருக்கின்றன, 105 நடுவில் நின்று யோசிக்க வைக்கிற தெரிவு. தலையின் சாய்வு குறைந்த புதிய வகை அயர்ன்களுக்கு நிப்பானின் 950ஜிஎச் நியோ பொருத்தமாக இருக்கும், அந்தத் தலைகளுக்காகவே செய்யப்பட்டது அது.

முழங்கையில் நோ உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. ஸ்டீல்ஃபைபர் எடுங்கள். தரையை அடித்த அதிர்ச்சி கையில் ஏறுவது கார்பனில் தெளிவாகக் குறைவு.

என் தெரிவை உண்மையில் தீர்மானிப்பது நுனி அளவு. அயர்ன் தண்டுகள் இரண்டு அளவில் வருகின்றன. 0.355 அங்குலம், அதாவது 9 மில்லிமீற்றர் அளவில் கூம்பி வருவது. 0.370 அங்குலம், 9.4 மில்லிமீற்றரில் நுனி வரை ஒரே தடிப்பாக வருவது. கூம்பிய வகையில் ஒவ்வொரு மட்டைக்கும் தனித்தனித் தண்டு. ஏழாம் இலக்கம் முறிந்தால் ஏழாம் இலக்கத் தண்டுதான் வேண்டும். எடை தொகுதி முழுக்க ஒரே சீராக இருக்கும் என்பது அதன் பெருமை. ஒரே தடிப்பான வகையில் எல்லாம் ஒரே தண்டு. இலக்கத்துக்கேற்ப நுனியை அரை அரை அங்குலமாக வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே தண்டு எப்படி வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற உறவினர், சூட்கேஸில் அடங்காத ஒரு மீற்றர் நீளக் குழாயை யாருக்காகவோ சுமந்து வர வேண்டும். "மாமா, ஏழாம் இலக்கம் மட்டும் ஒன்று" என்று மறுபடி கேட்க முடியாது. ஒரே தடிப்பான வகையில் ஏழு மட்டைக்கு எட்டுத் தண்டு எடுத்து வைத்தால் எட்டாவது எந்த மட்டைக்கும் உதவும். 950ஜிஎச் அந்த வகையிலும் கிடைக்கிறது. உங்கள் தலைகளின் துளை 0.355 என்றால் எஃகுத் தலைகளில் 0.370 அளவுக்குத் துளையைப் பெருப்பிக்கலாம். கழுத்துச் சுவர் மெல்லியதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆகவே இந்த ஊரிலேயே இருந்து, வாராவாரம் விளையாடி, மட்டையைத் துடைத்து வைக்கிறவருக்கு 0.370 நுனியுள்ள 950ஜிஎச். வருடத்தில் சில வாரம் மட்டும் வந்து, மீதி நாள் பையை இங்கே பூட்டி வைத்துவிட்டுப் போகிறவருக்கு ஸ்டீல்ஃபைபர். எஃகு வாங்குகிறவர்கள் எபொக்சி இறுகியபின், ஒரு நாள் கழித்து, மேல்முனை வழியாக மெல்லிய எண்ணெயில் தோய்த்த துணியை உள்ளே விட்டு இழுத்துவிடுங்கள். கைப்பிடிக்கு ஒட்டுநாடா சுற்றும் முன் வெளிப்புறத்தைத் தின்னரால் துடைக்க மறக்க வேண்டாம், எண்ணெய் பட்ட இடத்தில் நாடா வழுக்கும்.