பெலே, மரடோனா, மெஸ்ஸி ஒரே அணியில்: எதிரே க்ரைஃப் படை

எல்லாக் காலத்துக் கால்பந்து வீரர்களையும் கலந்து கற்பனையாக இரண்டு அணிகள். மோதினால் எது ஜெயிக்கும்?

முதல் அணி (4-3-3, அதாவது கோல்கீப்பரை அடுத்து தடுப்பில் 4, நடுக்களத்தில் 3, முன்களத்தில் 3 பேர்): யாஷின், காஃபு, பெக்கன்பாவர், பாபி மூர், ராபர்டோ கார்லோஸ், ஸாவி, ஜிதான், மரடோனா, கரிஞ்சா, பெலே, மெஸ்ஸி.

இரண்டாம் அணி (4-3-3): புஃபான், துராம், நெஸ்டா, பரேசி, மால்தினி, நீஸ்கென்ஸ், ரைகார்ட், மத்தேயஸ், யூசெபியோ, வான் பாஸ்டன், க்ரைஃப்.

ஆளுக்கு ஆள் நிறுத்துப் பார்த்தால் முதல் அணிதான் கனம். வாக்கெடுப்பு வைத்தாலும் அதுதான் ஜெயிக்கும். என் ஓட்டு இரண்டாவதுக்கு.

முதல் அணியின் நடுக்களத்தைப் பாருங்கள். பந்து காலில் இருக்கும்வரை மூவரும் மன்னர்கள். பந்து பறிபோனால் மீட்கப் போவது யார்? ஜிதானா? வலது ஓரத்தைக் கரிஞ்சா பிடித்துக்கொண்டதால் மெஸ்ஸி இடப்பக்கம் போகிறார். அங்கே நிற்கமாட்டார், நடுவுக்குத்தான் வருவார். பெலேயும் இறங்கிவந்து பந்து வாங்குகிறவர். மரடோனா ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்.

பின்னால் இன்னும் மோசம். காஃபுவும் ராபர்டோ கார்லோஸும் 2002 உலகக் கோப்பையில் கவலையில்லாமல் ஏறி ஆடியது, பிரேசில் மூன்று சென்டர் பேக்குகளை (நடுத் தடுப்பாளர்களை) நிறுத்தியதால். இங்கே இருப்பது இருவர்தான். கார்லோஸ் விட்டுவிட்டுப் போகும் இடத்தில் யூசெபியோ ஓடுவார். 1966-ல் ஒரே உலகக் கோப்பையில் 9 கோல் அடித்த மனிதர். மறுபக்கம் காஃபு ஏறினால் க்ரைஃப்.

இரண்டாம் அணிக்குப் புரிதல் ரெடிமேடாகவே வருகிறது. பரேசி, மால்தினி, ரைகார்ட், வான் பாஸ்டன் நால்வரும் இத்தாலியின் மிலான் கிளப்பில் சேர்ந்து 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகளை வென்றவர்கள். நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பில் க்ரைஃபும் நீஸ்கென்ஸும் 1971 முதல் 1973 வரை வரிசையாக மூன்று. எப்போது பிரஸ் செய்வது (பந்து வைத்திருப்பவரை நெருக்குவது), எப்போது தடுப்பு வரிசையை முன்னே ஏற்றி எதிரணியை ஆஃப்சைடில் சிக்கவைப்பது என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் அணிக்கும் அப்படி ஒரு ஜோடி உண்டு. பெலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து களமிறங்கிய ஆட்டம் எதிலும் பிரேசில் தோற்றதில்லை. கரிஞ்சா–மால்தினி மோதலுக்காகவே டிக்கெட் வாங்கலாம். மரடோனா விஷயத்திலும் மத்தேயஸை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது: 1986 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அவரைக் காவல் காத்தவர் இதே மத்தேயஸ்தான், கடைசி நேரத்தில் ஒரே பாஸில் சக அர்ஜென்டினா வீரர் புருசாகாவை கோலுக்கு அனுப்பிவிட்டார் மரடோனா.

எந்தக் காலத்து விதி என்பதையும் முதலிலேயே பேசி முடிக்கணும். 1982 உலகக் கோப்பையில் இத்தாலியின் தடுப்பு வீரர் ஜெண்டிலே மரடோனாவைப் பிடித்து இழுத்து, தள்ளி ஆடிய ஆட்டத்துக்கு இன்று சிவப்பு அட்டை நிச்சயம். அதனால் இன்றைய விதி என்றால் இடைவெளி குறையும். அப்போதும் 3-2 என்று இரண்டாம் அணிக்கே கொடுப்பேன்.

ஜிதானை எடுத்துவிட்டு, பந்தைப் பறித்து மீட்பதையே வேலையாகக் கொண்ட நடுக்கள வீரர் மக்கலேலேயைப் போட்டால் என் ஓட்டு மாறும். ஆனால் 2003-ல் ரியல் மாட்ரிட்டே பெக்காமை வாங்கிவிட்டு மக்கலேலேயை விற்றது. அடுத்த லீக் பட்டத்துக்கு 2007 வரை காத்திருந்தார்கள்.