டிஷ்வாஷர் சோப்புப் பெட்டி: பெட்டி நன்று, ரப்பர் மோசம்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். நீர் கசியாமல் தடுக்கக் கூடவே வந்த ரப்பர் வளையம் ஒழுங்காக இருந்திருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.

வாங்கியது டிஷ்வாஷர் கதவின் உட்புறம் இருக்கும் சோப்புப் பெட்டி. சோப்பு மாத்திரை வைக்கும் அறை, அதன் மூடி, பக்கத்தில் ரின்ஸ் எய்ட் (பாத்திரங்களில் நீர்த்தடம் படியாமல் இருக்கக் கடைசி அலசலில் சேரும் திரவம்) ஊற்றும் அறை, முதுகுப்பக்கம் இவற்றை இயக்கும் மின்காயில் (கம்பிச்சுருள்) எல்லாம் ஒரே தொகுதியாக வருகிறது. அசல் பாகம் அல்ல. அதே அளவில் வேறு யாரோ செய்து இணையத்தில் விற்பது. மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

எங்கள் இயந்திரத்தில் கழுவி முடிந்த பிறகும் மூடி திறக்காமல், மாத்திரை அப்படியே உள்ளே உட்கார்ந்திருந்தது. தட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு. பார்க்க வந்த மெக்கானிக் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், "போர்டு போய்விட்டது மேடம்" என்று இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகையின் மேல் பழியைப் போட்டு, ஒரு பெரிய தொகையைச் சொன்னார். வங்கியில் கடன் மனுக்களைப் படித்தே காலம் தள்ளியவள் நான். ஆதாரம் காட்டாத எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

மூடி திறக்காததற்குச் செலவே இல்லாத காரணங்கள் பல உண்டு. கீழ்த்தட்டில் வைத்த பெரிய தாம்பாளம் மூடியை இடித்துக்கொண்டு நிற்கலாம். ஈரமான அறையில் மாத்திரையைப் போட்டால் அது அடியோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் நங்கநல்லூர் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான், அதனால் மூடியைப் பூட்டும் கொக்கியில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரும் பழைய பல் துலக்கியும் கொண்டு அதைச் சுத்தம் செய்தேன். அப்படியும் திறக்கவில்லை.

அப்போதுதான் ரின்ஸ் எய்ட் அளவைக் கவனித்தேன். பல வாரங்களாக அது குறையவே இல்லை. கண்ணாடி டம்ளர்களில் நீர்த்தடம் வேறு. எங்கள் மாடலில் ஒரே காயில்தான் முதலில் மூடியைத் திறக்கிறது, பிறகு கடைசி அலசலில் ரின்ஸ் எய்டையும் விடுகிறது. கொக்கி மட்டும் சிக்கியிருந்தால் ரின்ஸ் எய்ட் வழக்கம்போல் குறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்து நின்றதால் சந்தேகம் காயில் மேல் விழுந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைப் பிரித்து, காயிலின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தேன். எந்த அளவும் காட்டவில்லை. உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பெட்டியின் முதுகில் அச்சிட்டிருந்த பாக எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன்படி ஆர்டர் செய்தேன். இயந்திரத்தின் மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்; மின் இணைப்பு முனைகளின் எண்ணிக்கை மாறலாம்.

மாற்றும் வேலை கடினமில்லை, ஆனால் தனியாகச் செய்யக் கூடாது. கதவின் உள்விளிம்பில் இருக்கும் நட்சத்திரத் தலைத் திருகுகளைக் கழற்றினால் வெளித்தகடு கையோடு வந்துவிடும். அந்தப் பாரம் போனதும் ஸ்பிரிங் கதவை வெடுக்கென்று மேலே இழுக்கும். விரல் மாட்டினால் அவ்வளவுதான். கதவைப் பிடித்துக்கொண்டவர் என் மாமியார். கழற்றிய திருகுகளை வரிசை மாறாமல் பணியாரக் கல்லின் குழிகளில் போட்டு வைத்தவரும் அவரே. எந்தக் கம்பி எங்கே என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பெட்டியைப் பிடித்திருக்கும் தகட்டு நாக்குகளைத் தட்டைத் திருப்புளியால் நிமிர்த்தினால் அது கதவின் உள்பக்கம் வழியாகக் கழன்று வந்துவிடும்.

புதிய பெட்டி கச்சிதமாகப் பொருந்தியது. மூடி நல்ல சத்தத்தோடு பூட்டுகிறது; மஞ்சள் கறை ஏறிய பழைய மூடிக்கு இது கண்ணுக்கும் குளிர்ச்சி. குறை ரப்பரில்தான். பழையதைவிட மெல்லியது, பொட்டலத்திலேயே மடிந்து வந்திருந்தது. வெந்நீரில் ஊறவைத்து நிமிர்த்திப் பொருத்தினேன். கதவை மூடி, கீழே செய்தித்தாள் விரித்து, வெறும் அலசல் ஓட்டினால் தாள் நனைந்தது. கசியும் நீர் இயந்திரத்தின் அடித்தட்டில் சேர்ந்தால் மிதவை சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் என்பதால் அப்படியே விட முடியாது. மறுபடி பிரித்து, பழைய வளையத்தைக் கழுவித் துடைத்துப் போட்டேன். பிறகு ஒரு சொட்டுக் கசிவு இல்லை. மாத்திரை கரைகிறது, ரின்ஸ் எய்டும் குறைகிறது. போர்டு எந்தப் பாவமும் செய்யவில்லை.

ரின்ஸ் எய்ட் அளவைத் திருகும் குமிழ் மிக இறுக்கம், நாணயம் வைத்துத்தான் திருப்ப வேண்டும். விளக்கத்தாளில் இருக்கும் படம் தபால்தலை அளவு.

உங்கள் இயந்திரம் வாரன்டியில் இருந்தால் திறக்க வேண்டாம், நிறுவனத்தையே கூப்பிடுங்கள். மூடியோ அதன் ஸ்பிரிங்கோ மட்டும் உடைந்திருந்தால் அவை தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விற்பனையாளருக்கு வேறு ரப்பர் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. சென்னையில் இந்த வளையத்தை மட்டும் விற்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.