வைக்கோல் கட்டும் வேலைக்காக டிராக்டரை மாற்றினோம்: பல பருவங்கள் ஓட்டிய பிறகு எழுதுவது

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் சொந்த நிலத்தில் நெல் சாகுபடி செய்வதோடு, அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் கட்டிக் கொடுக்கும் தொழிலையும் செய்து வருகிறோம். வைக்கோலை அள்ளிக் கட்டாக்கும் இயந்திரமான பேலரை இழுத்துக்கொண்டிருந்த 42 குதிரைத்திறன் டிராக்டரைக் கொடுத்துவிட்டு, 50 குதிரைத்திறனும் நான்கு சக்கர இயக்கமும் தனிக் கிளட்ச்சில் இயங்கும் பிடிஓவும் (பின்னால் மாட்டும் கருவியை இன்ஜின் விசையால் சுற்றவைக்கும் தண்டு) கொண்ட வண்டியை வாங்கினோம். சம்பா, தாளடி, குறுவை என எல்லாப் பருவங்களிலும் அதைப் போதுமான அளவு ஓட்டிவிட்டதால், இதே வேலைக்கு வண்டி தேடுபவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரே நிறுவனத்தின் வண்டிக்கு ஓர் ஊரில் நல்ல சர்வீஸும் அடுத்த ஊரில் அலைச்சலும் கிடைக்கின்றன என்பதால், வண்டியின் அமைப்பைப் பற்றிப் பேசுவதே எல்லோருக்கும் பொருந்தும்.

டெல்டாவில் டிராக்டர் வாங்குபவர் பெரும்பாலும் சேற்றுழவை மனதில் வைத்தே வாங்குகிறார். கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரம் போட்டு இறக்கினால் புதையாமல் வருமா, மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரைச் சுற்றுமா என்பவையே அவருடைய கேள்விகள். வைக்கோல் கட்டுவதற்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வண்டி நிற்கும்போது பிடிஓ நிற்காமல் சுற்றுமா?

சுருட்டுக் கட்டு போடும் சிறிய பேலர் வேலை செய்யும் முறையைப் பார்த்தால் இது புரியும். அறுவடை இயந்திரம் வரிசையாக விட்டுச் சென்ற வைக்கோலை முன்பக்கப் பற்கள் அள்ளி உள்ளே தள்ள, அறைக்குள் அது உருண்டு உருண்டு இறுகுகிறது. அறை நிரம்பியதும் வண்டியை நிறுத்த வேண்டும். ஆனால் உருளைகள் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் கயிறு கட்டின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றிவரும். கயிறு அறுபட்டு, பின்கதவு திறந்து, கட்டு வெளியே விழுந்த பிறகே வண்டி நகரலாம். ஒவ்வொரு கட்டுக்கும் இப்படி ஒரு முறை நிற்க வேண்டும்.

எங்கள் பழைய வண்டியில் இரட்டைக் கிளட்ச் இருந்தது. பெடலைப் பாதி அழுத்தினால் சக்கரம் நிற்கும், முழுதும் அழுத்தினால் பிடிஓவும் நின்றுவிடும். ஓட்டுநர் காலைப் பாதியிலேயே நிறுத்திப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் நியூட்ரலுக்குக் கொண்டுபோய் மீண்டும் கியர் போட வேண்டும். கால் ஒரு விரலளவு கூடுதலாக இறங்கினாலும் பேலர் நின்று, நிரம்பிய அறைக்குள் வைக்கோல் திணிந்துவிடும். அந்தச் சுமையோடு மறுபடி சுற்ற வைக்கும்போதுதான் ஷியர் போல்ட் (சுமை மிகும்போது தான் அறுந்து இயந்திரத்தைக் காக்கும் போல்ட்) அறுகிறது, கிளட்ச் தேய்கிறது. மாலையில் இறங்கும்போது எங்கள் ஓட்டுநர், "அண்ணே, இடது கால் என்னுதா வேற யாருதான்னே தெரியல" என்பார். புதிய வண்டியில் பிடிஓவுக்குத் தனி லிவர் இருப்பதால் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் பேலர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தால் ஒரு நாளில் விழும் கட்டுகளும் கூடின, கிளட்ச் வேலைக்கென வண்டியைப் பிரிப்பதும் நின்றது. பட்ஜெட்டில் ஏதேனும் ஒன்றைத்தான் கூடுதலாக வாங்க முடியும் என்றால், குதிரைத்திறனை விட்டுவிட்டு இதை வாங்குங்கள் என்றே சொல்வேன்.

குதிரைத்திறனைப் பொறுத்தவரை, ஷோரூமில் சொல்லும் எண் இன்ஜினுடையது. பேலருக்குப் போய்ச் சேர்வது பிடிஓ திறன். அது எப்போதும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். மத்தியப் பிரதேசத்தின் பூத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. அதில் பிடிஓவின் உச்சத் திறனும், அந்தத் திறனில் செலவாகும் டீசலும் அளந்து எழுதப்பட்டிருக்கும். விளம்பரத் தாளைக் காட்டிலும் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது. பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு வர இன்ஜின் எத்தனை சுற்றில் ஓட வேண்டும் என்பதும் வண்டிக்கு வண்டி மாறுபடும். குறைந்த இன்ஜின் சுற்றிலேயே 540 கிடைக்கும் எகானமி நிலை எங்கள் வண்டியில் இருக்கிறது. காய்ந்த வைக்கோலில் அதைப் போட்டு ஓட்டும்போது டீசல் மிச்சமாவது தெளிவாகத் தெரிகிறது. பனி இறங்கிய காலை வேளையில் அது போதாது.

50-ஐத் தாண்டாமல் நின்றதற்கும் காரணம் உண்டு. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் எனப்படும் டிராக்டர் புகை மாசு விதிகளின் நான்காம் கட்டம் 2023 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு அந்த வகை வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய காமன் ரெயில் டீசல் அமைப்பு பரவலாக வந்து, விலையும் உயர்ந்தது. அது நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் அறுவடை உச்சத்தில் வயல் நடுவே வண்டி நின்றால், உள்ளூர் மெக்கானிக் ஸ்பானரோடு வந்து சரிசெய்யக்கூடிய பழைய வகை டீசல் பம்பே எங்கள் தொழிலுக்கு ஏற்றது என்று முடிவு செய்தோம். சதுரக் கட்டு போடும் பெரிய பேலர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு 50-க்கு மேல் தேவைப்படும்.

கியரில் பார்க்க வேண்டியது, முழு பிடிஓ சுற்றில் மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகத்துக்குள் எத்தனை கியர்கள் இருக்கின்றன என்பது. வைக்கோல் தடித்துக் கிடக்கும் இடத்தில் மெதுவாகவும் மெலிந்த இடத்தில் சற்று விரைவாகவும் போக, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கியரை மட்டும் மாற்ற முடிய வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் தேவையா என்பதில் எங்கள் வீட்டிலேயே இருவேறு கருத்துகள் இருந்தன. ஒரத்தநாடு பக்கத்துப் புது ஆற்று (கல்லணைக் கால்வாய்) பாசன நிலங்களில் மண் இறுகி இருப்பதால் இரு சக்கர இயக்கமே போதும். திருத்துறைப்பூண்டி பக்கம் கனத்த களிமண். சம்பா அறுவடை தை, மாசியில் நடக்கும்போதும் அடிஈரம் இருக்கும், பெல்ட் மெஷின் (சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) திரும்பிய இடங்களில் பள்ளம் விழுந்திருக்கும். இதைவிட முக்கியமானது உளுந்து. டெல்டாவில் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவது வழக்கம். வைக்கோல் கட்டப் போகும்போது அடித்தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்ட உளுந்து நிற்கிறது. வண்டியை உள்ளே விட நிலக்காரர் தயங்குவதும், பல இடங்களில் வைக்கோல் கட்டாமலே வீணாவதும் இதனால்தான்.

இந்த வண்டியை ஓட்டிய பிறகு நான் உறுதியாகக் கவனித்தது இது: டயர் நேராக ஏறிச் சென்ற தடத்தில் முளைகள் பாதியேனும் நிமிர்ந்துவிடுகின்றன, டயர் வழுக்கிச் சுழன்ற தடத்தில் ஒன்றும் பிழைப்பதில்லை. முன்சக்கரமும் இழுக்கும்போது பின்சக்கரம் வழுக்குவது வெகுவாகக் குறைகிறது. அதோடு பின்சக்கரத்துக்கு அகலமான டயரைக் கேட்டு வாங்கி, காற்றழுத்தத்தை நிறுவனம் அனுமதிக்கும் குறைந்த அளவில் வைத்து, அறுவடை இயந்திரம் போன தடத்தை ஒட்டியே ஓட்டுகிறோம். உளுந்து விதைத்த வயல்களுக்கு முதலில் எங்களைக் கூப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஓர் ஏக்கர் வைக்கோலுக்காக ஒருவருடைய உளுந்தை அழிப்பது எனக்கு எப்போதுமே மனதுக்கு ஒவ்வாதது.

தூசிதான் இந்த வேலையின் மிகப் பெரிய எதிரி. பகல் வெயிலில் வைக்கோல் தூளும் சுணையும் பறந்து முன்கிரில் வழியாக ரேடியேட்டர் மேல் ஒட்டி, கொஞ்ச நேரத்தில் கம்பளி விரித்தது போல் மூடிவிடும். வெப்பமானி முள் ஏறுகிறது என்றால் தண்ணீரைப் பார்க்கும் முன் கிரிலைத் திறந்து பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் ரேடியேட்டருக்கு முன்னால் கழற்றித் தட்டக்கூடிய வலை இருப்பதால், கயிறு உருண்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதை எடுத்துத் தட்டிவிடுகிறோம். ஏர் பில்டர் இரட்டை அடுக்கு உலர் வகையாக இருப்பது நல்லது. சைலன்சர் அடியிலும் இன்ஜின் இடுக்குகளிலும் தங்கும் வைக்கோலை இடைவேளைதோறும் தட்டிவிடாவிட்டால் தீப்பிடிக்கும். கட்டுகளுக்கு நடுவே நிற்கும் வண்டியில் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடைப்பு எடுக்கும்போது பிடிஓவை நிறுத்தி, இன்ஜினையும் அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேலர் பக்கம் போக வேண்டும். தோளில் துண்டோ, தொங்கும் வேட்டியோ இருப்பவரை அந்தச் சுழலும் தண்டின் அருகே நான் விடுவதே இல்லை.

கட்டுகளைச் சுமக்கும் வேலை பற்றிச் சுருக்கமாக: கேரளத்துக்குப் போகும் லாரிகள் வயலுக்குள் வராது, தார்ச்சாலையில் நிற்கும். வயலிலிருந்து வாய்க்கால் கரையேறிச் சாலை வரை டிரெய்லரைக் கொண்டுசெல்ல, இழுவையைவிட பிரேக்கே முக்கியம். ஆயிலில் மூழ்கிய பிரேக் இருப்பது பெரிய நிம்மதி. பாரம் எடையில் குறைவு, உயரத்தில் அதிகம். மதகுப் பாலங்களில் திரும்பும்போதும் தாழ்ந்த மின்கம்பிகளுக்குக் கீழே போகும்போதும் மேலே ஒருவர் பார்த்துச் சொல்லாமல் நகர்த்துவதில்லை.

குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதுவதால் அப்போது கட்ட முடிவது கொஞ்சம்தான். மேட்டூர் அணை வழக்கப்படி சூன் 12-இல் திறந்து தண்ணீர் வந்துசேரும்போது இதே வண்டி சேற்றுழவுக்கு இறங்குகிறது. அங்கேதான் எங்களுக்குக் குறை. முன் அச்சின் ஆயில் சீலில் அறுந்த கட்டுக்கயிறு சுற்றிக்கொண்டு, அதன் மேல் சேறும் சேர்ந்து சீலைக் கிழித்துவிட்டது. வாங்கிய இடத்தில் அந்தச் சிறிய பொருள் இருப்பில் இல்லாமல் உழவுப் பருவத்தில் வண்டி நின்றது. சிறிய வயல்களில் வரப்போரம் திரும்ப இரு சக்கர வண்டியைவிட அதிக இடமும் வேண்டியிருக்கிறது.

விலையை எழுதாததற்குக் காரணம், டிராக்டருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டதால் நாங்கள் கொடுத்த தொகை இப்போது யாருக்கும் உதவாது. வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன், தங்கள் பேலரையே மாட்டி, அடர்ந்த வைக்கோல் கிடக்கும் வயலில் அரை நாள் ஓட்டிக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள். முன் அச்சு சீல், கிளட்ச் தட்டு, ஏர் பில்டர் ஆகிய மூன்றும் அவருடைய கடை அலமாரியில் இருக்கின்றனவா என்பதையும் நேரில் பார்த்துவிடுங்கள்.