டொயோட்டா பிளாக்டாப் 4ஏ-ஜிஇ: டர்போ இல்லாமல் கட்டுபவர்களுக்காக ஒரு விமர்சனம்

பழைய ஜப்பான் காரில் டர்போ வைக்காமல் நல்ல பவர் எடுக்க எந்த இன்ஜினில் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது டொயோட்டாவின் 20 வால்வு 4ஏ-ஜிஇ-தான், அதிலும் 1995-ல் ஏஇ111 லெவின், ட்ரூனோ கார்களில் வந்த பிளாக்டாப். கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மூடி கறுப்பாக இருப்பதால் அந்தப் பெயர். அதற்கு முன்னால் 1991-ல் வந்தது சில்வர்டாப். ஒரு பிளாக்டாப்பைப் பிரித்து, அளந்து, திரும்பக் கட்டி, ஓட்டியும் பார்த்துவிட்டேன். அருமையான இன்ஜின். ஆனால் இதில் காசை எங்கே போடுவது என்பதில் பலரும் தலைகீழாகத்தான் யோசிக்கிறார்கள்.

கம்பெனி என்ன கொடுக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 1587 சிசி, போர் (சிலிண்டரின் விட்டம்) 81 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 77 மி.மீ., சிலிண்டருக்கு ஐந்து வால்வு, சிலிண்டருக்கு ஒன்றாக 45 மி.மீ. திராட்டில் (காற்றை உள்ளே விடும் கதவு), கம்ப்ரஷன் (உள்ளே வந்த காற்றை அமுக்கும் விகிதம்) 11:1. ஜப்பான் கணக்கில் 7800 ஆர்பிஎம்மில் 165 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்), 5600-ல் சுமார் 162 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). அதாவது லிட்டருக்கு 104 பிஎஸ். டர்போ இல்லாத தெரு இன்ஜினுக்கு லிட்டருக்கு 100 வந்தாலே நல்ல வேலை என்பார்கள், இது அதையும் தாண்டித்தான் வருகிறது. மற்ற இன்ஜின்களில் நாம் கையைவிட்டுச் செலவழித்துச் செய்கிற பாதி வேலையை இதில் கம்பெனியே முடித்துக் கொடுத்துவிட்டது.

அதனால் வரும் சிக்கல் என்னவென்றால், மிச்சம் இருக்கும் பவர் சுலபத்தில் கிடைக்காது. இந்த அளவு சிசியில் டார்க்கை இனிமேல் பெரிதாக ஏற்ற முடியாது, இருக்கிற டார்க்கை இன்னும் மேலே உள்ள ஆர்பிஎம் வரை விழாமல் பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான். 7800-ல் 165 பிஎஸ் என்றால் அந்த இடத்தில் டார்க் ஏறக்குறைய 149. அதே 149-ஐ 8500 வரை கொண்டுபோக முடிந்தால் 180 பிஎஸ். கூட வருவது 15 பிஎஸ்தான். ஆனால் பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும்போது கனெக்டிங் ராடை இழுக்கிற விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும், அந்த 700 ஆர்பிஎம்முக்கு 19 சதவீதம் கூடிவிடும். புது ராட் போல்ட், நல்ல பேரிங், வலுவான வால்வு ஸ்பிரிங் இதெல்லாம் இல்லாமல் அங்கே போக நினைப்பது வேண்டாத வேலை.

அதனால்தான் என் பட்ஜெட்டில் மெஷினிங்குக்கும் அளவெடுக்கவும்தான் முதல் பங்கு. கம்ப்ரஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டருக்கு 396.75 சிசி. 11:1 என்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 39.7 சிசி, 12:1 என்றால் 36.1. வித்தியாசம் வெறும் 3.6 சிசி. பிஸ்டன் பெட்டியில் 12:1 என்று அச்சடித்திருப்பதை நம்பிக் கட்டிவிட்டு, ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) எவ்வளவு சீவினார்கள், நடுவில் வைக்கும் கேஸ்கட் எவ்வளவு தடிமன் என்று பார்க்காமல் விட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. கேஸ்கட்டில் 0.1 மி.மீ. மாறினாலே அரை சிசி போய்விடும். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் மாட்டி, துளை போட்ட அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டில் இருந்து கலர் கலந்த ஸ்பிரிட்டை விட்டு அளக்க வேண்டும். தகட்டுக்கு அடியில் கடைசிக் காற்றுக்குமிழி நகர்ந்து துளை வழியாக வெளியேறும் வரை பொறுமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும். நான்கு சேம்பரும் ஒரே அளவுக்கு வந்தால்தான் நான்கு சிலிண்டருக்கும் ஒரே இக்னிஷன் டைமிங் தாங்கும். ஒன்று மட்டும் கம்ப்ரஷன் கூடி நாக் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) அடித்தால் அதற்காக மற்ற மூன்றின் டைமிங்கையும் பின்னுக்கு இழுக்க வேண்டியதாகிவிடும், செலவழித்த பவர் அங்கேயே போய்விடும்.

போர் தேய்ந்திருந்தால் 81.5 பிஸ்டன் போடலாம், சிசி 1607 ஆகும். இதில் பவர் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள், நேரான புதுச் சுவர் கிடைக்கிறது என்பதுதான் லாபம். ஹோனிங் (உட்சுவரைத் தீட்டுவது) செய்யும்போது டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் தடித்த தகடு) மாட்டித்தான் செய்ய வேண்டும் என்று கறாராகக் கேளுங்கள், ஏனென்றால் ஹெட் போல்ட்டை இறுக்கியதும் போர் லேசாக உருமாறும்.

அப்புறம் கேம். எல்லாருக்கும் முதல் ஆசை இதுதான், என் அனுபவத்தில் இதை அவசரமாக வாங்கக் கூடாது. டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் காலம்) கூடிய கேமில் இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் குறைந்த ஆர்பிஎம்மில் உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்ப வெளியே போய்விடும், கார் சோம்பலாக நகரும். அதை ஈடுகட்டத்தான் கம்ப்ரஷனை ஏற்றுகிறோம், இரண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். பிளாக்டாப்பில் இன்டேக் கேமுக்கு விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) இருப்பது பெரிய உதவி, அதைக் கழற்றிப் போடச் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒரு குறை உண்மை: சிலிண்டருக்கு நான்கு வால்வு உள்ள பழைய 4ஏ-ஜிஇ-யின் 16 வால்வு ஹெட்டுக்குக் கிடைக்கும் அளவுக்கு 20 வால்வுக்குக் கேம் வகைகள் கிடைக்காது. எந்தக் கேம் போட்டாலும் பிஸ்டன் மேல் களிமண் வைத்து, கையால் கிராங்கைச் சுற்றி, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

நான்கு திராட்டில் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த இன்ஜினைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. திராட்டிலுக்கும் வால்வுக்கும் நடுவே காற்று அடைந்து கிடக்கும் இடம் மிகக் குறைவு, அதனால் கால் அசைந்தவுடன் இன்ஜின் பதில் சொல்லும். கியரை இறக்கும்போது லேசாக ஒரு மிதி போதும், ஊசி தாவும். அதற்காகவே இந்த இன்ஜினை வாங்கலாம், சத்தியமாக. ஆனால் நான்கையும் வேக்குவம் கேஜ் வைத்துச் சமன் செய்யாவிட்டால் ஐடில் தடுமாறும். தனி ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போடும்போது ஒரு திராட்டிலில் இருந்து மட்டும் பிரஷர் எடுத்தால் சிக்னல் துடிக்கும், நான்கையும் ஒரு சின்ன அறையில் சேர்த்து எடுங்கள், பெரிய கேம் என்றால் திராட்டில் கோணத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்து டியூன் செய்வது நல்லது. ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டு டிரம்பெட்டை (காற்றை உள்ளே இழுக்கும் கூம்புக் குழாய்) அப்படியே திறந்து விடுவது சத்தத்துக்கு இனிமைதான், ஆனால் பானெட்டுக்கு உள்ளே இருக்கும் சூடான காற்றைத்தான் அது குடிக்கும்.

குறைகள் இன்னும் இருக்கின்றன. விவிடி புல்லி தேய்ந்தால் டீசல் வண்டி போலச் சத்தம் போடும். பழைய பின்சக்கர ஓட்ட கொரோலாவான ஏஇ86-ல் இறக்கினால் ஹெட்டின் பின்பக்கம் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஃபயர்வாலில் இடிக்கும், கூலண்ட் குழாய்களையும் மாற்றி வளைக்க வேண்டும். கிடைக்கும் இன்ஜின் எல்லாமே வயதானவை, வாங்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் பார்க்காமல் யாரும் கை வைக்காதீர்கள்.

தெருவில் ஓட்டுபவர்களுக்கு: நல்ல நிலையில் உள்ள பிளாக்டாப், கவனமான மெஷினிங், 4-2-1 எக்ஸாஸ்ட், தனி ஈசியூ, உயர் ஆக்டேன் பெட்ரோல், கேம் கம்பெனியுடையதே. பந்தயத்துக்கு மட்டும் என்றால் 16 வால்வு ஹெட்டும் பெரிய கேமும் பாருங்கள். டார்க்தான் வேண்டும் என்றால் ஸ்ட்ரோக் 85.5 மி.மீ. உள்ள 7ஏ பிளாக்கில் 4ஏஜி ஹெட்டை ஏற்றலாம், 1762 சிசி வரும், ஆனால் 8000 ஆர்பிஎம்மில் சராசரி பிஸ்டன் வேகம் நொடிக்கு 20.5 மீட்டரில் இருந்து 22.8 ஆகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எதைக் கட்டினாலும் பைனல் டிரைவுக்கும் (சக்கரத்துக்குப் போகும் கடைசிப் பல்சக்கர விகிதம்) கொஞ்சம் காசு ஒதுக்கி வையுங்கள், 5000-க்கு மேலே உயிர் பெறும் இன்ஜினை நீளமான கியரில் கட்டிப் போடாதீர்கள்.