தோல் அரிப்பின் காரணத்தைத் தேட: இரத்தப் பரிசோதனையா, ஒட்டுப் பரிசோதனையா?

சென்ற ஆண்டு கோடையில் என் மார்பின் நடுவே ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குத் தோல் சிவந்து தடித்து, இரவில் உறங்கவிடாமல் அரித்தது. முதலில் ஒவ்வாமையைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். பல பக்கங்களுக்கு நீண்ட அந்த அறிக்கையில் கத்தரிக்காய்க்கும் இறாலுக்கும் நேரே 'மிதம்' என்று அச்சிட்டிருந்ததால், இரண்டையும் நான்கு மாதங்கள் தொடவில்லை. அரிப்பு இம்மியும் குறையவில்லை. பிறகு தோல் மருத்துவர் ஒருவர் சொன்னதன்பேரில் பேட்ச் டெஸ்ட் எனப்படும் ஒட்டுப் பரிசோதனைக்குச் சென்றேன். என்னுடையதைப் போன்ற தொல்லைக்கு அதுவே தக்கது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

இரத்தப் பரிசோதனை எளிது: ஓர் ஊசி போதும், அரிப்பு மாத்திரையையும் நிறுத்த வேண்டியதில்லை. இறாலோ நிலக்கடலையோ தின்ற சிறிது நேரத்தில் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்பவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும். ஆனால் அது அளப்பது ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை மட்டுமே. ஒரு பொருளுக்கு எதிரான ஐஜிஇ இரத்தத்தில் இருப்பதாலேயே அந்தப் பொருள் நமக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஆகிவிடாது. தின்றால் தொல்லை வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கத்தரிக்காய் எனக்கு ஒருநாளும் தீங்கு செய்ததில்லை என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது காலதாமதம்தான். தோலில் படும் பொருளால் வரும் ஒவ்வாமையில் வேலை செய்பவை டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள். அவை கிளர்ந்து தோலைப் புண்ணாக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். திங்கட்கிழமை தலைக்குச் சாயம் பூசியவருக்குப் புதன்கிழமை காதோரம் அரிக்கும்போது, முந்தின இரவு சாப்பிட்ட மீன்குழம்பின்மீதுதான் பழி விழும். இந்த வகை ஒவ்வாமைக்கு ஐஜிஇ காரணமில்லை என்பதால், இரத்தத்தில் எவ்வளவு தேடினாலும் விடை கிடைக்காது. ஒட்டுப் பரிசோதனையோ அந்தத் தாமதத்துக்காகவே அமைந்தது. 1895-இல் ஜெர்மானிய மருத்துவர் யாடசோன் விளக்கிய முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை: சந்தேகத்துக்குரிய பொருள்களைச் தட்டையான சிறு வட்டக் கிண்ணங்களில் வைத்து மேல்முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள்; சில பொருள்களுக்குத் தோல் தாமதமாகவே பதில் சொல்லும் என்பதால் ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்ப்பார்கள்.

என் முதுகில் ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து, பொடிப்பொடியாய்க் கொப்புளித்திருந்தது. அது நிக்கல். "தாலியில் ஊக்கு மாட்டி வைத்திருக்கிறீர்களா, அம்மா?" என்று மருத்துவர் கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன், சங்கிலியில் நான்கு ஊக்குகள் தொங்கின. அவசரத்துக்கு உதவும் என்று என் தாயாரும் அப்படித்தான் வைத்திருந்தார். வியர்வை பட்டால் உலோகத்திலிருந்து நிக்கல் கரைந்து வரும் என்பதால்தான் கோடையில் அரிப்பு மிகுந்திருக்கிறது. ஊக்குகளைக் கழற்றிய மூன்று வாரத்தில் தோல் ஆறியது. இதே வகையில் ஸ்டிக்கர் பொட்டின் பசை, தலைச்சாயத்திலுள்ள பிபிடி என்னும் வேதிப்பொருள், சிமெண்டிலுள்ள குரோமேட் என்னும் உப்பு, ரப்பர் செருப்பு ஆகியவையும் அடிக்கடி காரணமாகின்றன.

குறைகளும் உண்டு. இரண்டு நாள் முதுகை நனைக்கக்கூடாது. சித்திரை வெயிலில் வியர்த்தால் ஒட்டு கழன்றுவிடும், ஆகவே குளிர்ந்த மாதமே நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது முடிவை மறைத்துவிடக்கூடும். வந்த சுவடு தெரியாமல் சில மணி நேரத்தில் மறையும் காணாக்கடிக்கு இந்தப் பரிசோதனை பொருந்தாது. அந்தத் தொல்லை எனக்கு வந்ததில்லை என்பதால் அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல மாட்டேன். செல்பவர்கள் தாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பொட்டு, சாயம், தைலம், களிம்பு ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மருத்துவமனையில் வழக்கமாக வைத்திருக்கும் பொருள்களின் வரிசையில் உங்களுக்கு ஒவ்வாத பொருள் இல்லாமலும் போகலாம்.